மெல்பாவக் கேக்கணுமாம்லா மருமவனுக்கு!

வாரும்வே மருமவனே, உக்காரும். மெல்பா பாட்டைக் கேட்டுட்டு, "என்ன மாமா, ஒரே கொரகொரப்பு, குரலும் ஒல்லி, இவளையா உலகமே கொண்டாடுச்சு"ன்னு மூஞ்சியச் சுழிச்சீராமே? ரசிகர்னு பேரெடுக்க அது போதும்வே. குறை சொல்லுதவனுக்குத்தான் சபையில மதிப்பு. நாலு பேரு முன்னால கண்ண மூடிக்கிட்டு, "பழசு பழசுதான்"னு தலையாட்டினா இன்னும் மதிப்பு. இந்த ரெண்டுக்குமே பாட்டக் கேக்க வேண்டியதில்ல, அது ஒரு வசதி.

இல்ல மாமா, கேக்கத்தான் போறேன்னு பிடிவாதம் பிடிச்சீர்னா, கெழவன் சொல்லுததையும் கொஞ்சம் கேளும்.

அவ ஆஸ்திரேலியாக்காரி, ஆப்பராங்கிற இசை நாடகத்துல பாடினவ, 1861ல பொறந்தவ. அப்பா டேவிட் மிட்செல் கட்டட காண்டிராக்டர். மெல்போர்ன்ல நிக்குத பெரிய பொருட்காட்சிக் கட்டடம் அவரு கட்டினதுதான். மக ஹெலன், ஊரு பேரச் சுருக்கி மெல்பான்னு வெச்சுக்கிட்டா. பாரிசுல மார்க்கேசிங்கிற வாத்தியாரம்மாகிட்ட பாட்டுப் பாடம். 1904ல கிராமபோன் கும்பெனிக்காரன் மிசினத் தூக்கிக்கிட்டு லண்டன்ல அவ வீட்டுக்கே போயிப் பதிவு பண்ணினான். தட்டுக்குக் கத்திரிப்பூ கலர்ல தனி லேபிள், வெல 21 ஷில்லிங். அவ்வளவு காசக் குடுத்து வாங்கினவன் எவனாவது கொரகொரப்புன்னு வாயத் தொறந்திருப்பாங்கீரு?

அப்ப மைக்கு ஏதுவே? பெரிய கூம்பு ஒண்ணு இருக்கும், அதுக்கு முன்னால நின்னு பாடணும். கூம்புக் கடைசியில மெல்லிசா ஒரு சவ்வு, அதுல ஊசி, ஊசிக்கு அடியில சுத்துத மெழுகுத் தட்டு. கரண்டு கிடையாது, சத்தத்தோட பலத்துலயே கீறல் விழணும். உச்சத்துக்குப் போவும்போது கொஞ்சம் பின்னால நவுரணும், இல்லன்னா பதிவு பொரிஞ்சிரும். வயலின் சத்தம் எட்டாதுன்னு, மரக்கூட்டுக்குப் பதிலாக் குழாய் மாட்டின ஸ்ட்ரோ வயலின வாசிச்சாவ. இந்தக் கூம்பு ஆம்பளக் குரலுக்குக் கொஞ்சம் தாராளம். அதான் அந்தக் காலத்து ஆப்பராப் பாடகன் கரூசோ தட்டுல திடமா நிக்கான். பொம்பள உச்சக்குரலுக்கு மேல மினுங்குத நாதத்தை அது பாதிக்கு மேல கோட்டை விட்டுரும். பல்லுப் போனவன் முறுக்கக் குறை சொன்ன கதையால்லா இருக்கு நீரு சொல்லுதது!

கொரகொரப்புக்கும் அவ பொறுப்பில்ல. கல்லுப்பொடியும் அரக்கும் சேத்து அழுத்தின தட்டு அது. அரக்கு பெரும்பாலும் நம்ம நாட்டு மரத்துல பூச்சி கக்கினது. அந்தச் சத்தத்துல நமக்கும் பங்கு இருக்குவே, ரொம்பப் பேசாதயும்.

அப்பொறம் வேகம். நிமிசத்துக்கு 78 சுத்துன்னு சொன்னதை நம்பி ஓட்டிராதயும். அந்தக் காலத்துத் தட்டு ஒண்ணு 72ங்கும், ஒண்ணு 76ங்கும், ஒண்ணு 80ங்கும். நூத்துக்கு ஆறு வேகம் கூடினா அரைக்கட்டை ஏறிரும்; பாடுதது மனுசியா கிளியான்னு தெரியாது. பாட்டோட சுருதியப் பியானோவுல பாத்து வேகத்தச் சரி பண்ணும்.

பண்ணியாச்சா? இப்ப லூசியாங்கிற ஆப்பராவுல வருத பைத்தியக் காட்சியப் போடும், 1904ல பதிஞ்சது. அவளும் புல்லாங்குழலும் ஒருத்தர ஒருத்தர் துரத்துத எடம் வரும். அடுத்தடுத்த ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல குரல உதறுவா, ஒரு ஸ்வரமாவது மசங்குதான்னு பாரும். மேல் ஸ்தாயிக்கு எம்பிக் குதிக்க மாட்டா, நேரா ஸ்வரத்தோட நட்டநடுவுல போயி நிப்பா. "அழுகையே வரலியே மாமா"ம்பீரு. உணர்ச்சியில்லாதவன்னு அப்பவே அவளச் சொன்னவங்க உண்டு, நீரு புதுசாக் கண்டுபிடிச்சிரல.

அழுகைதான் வேணும்னா 1926 ஜூன் 8ந் தேதிக்கு வாரும். லண்டன் கோவன்ட் கார்டன்ல அவ விடைபெறுத ராத்திரி. வயசு 65. அதுக்குள்ள மைக்கு வந்தாச்சு, அத வெச்சே அந்த ராத்திரியப் பதிவு பண்ணித் தட்டாப் போட்டாவ. லா போயம், ஒத்தெல்லோன்னு ஆப்பராவுல இருந்து பாடுதா, கடைசியில பேசுதா, தொண்டை அடைக்குது. நீரும் கண்ணத் தொடைப்பீரு. அவசரப்படாதயும், 1928லயும் ஆஸ்திரேலியாவுல விடைபெத்துக்கிட்டேதான் இருந்தா! போறேன் போறேன்னு சொல்லிப் போவாதவங்கள அந்த நாட்டுல அவ பேரச் சொல்லித்தான் கேலி பண்ணுவாவ.

கண்ணீரு காஞ்சதும் ரெண்டு தட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளும். 1904ல ஒல்லியாக் கேட்ட குரலு, 65 வயசுல சதை போட்டிருக்கும். வயசானா குரலுக்குச் சதை போடுமாவே? மைக்கு காட்டின சதை அது. முன்னாலயும் இருந்ததுதான்; கூம்புதான் முழுங்கிருச்சு.

இவ்வளவுக்கும் பொறுமையில்லன்னா, பெரிய ஓட்டலுக்குப் போயி பீச் மெல்பா கேளும். எஸ்காஃபியேங்கிற சமையக்காரரு அவளுக்காகவே செஞ்ச ஐஸ்கிரீம் அது. கொரகொரப்பே இருக்காது, வழுக்கிக்கிட்டு எறங்கும். உம்ம ரசனைக்கு அதுவே தாராளம்வே.