கல்நெஞ்சுக்கு மதிப்பெண்

கல்நெஞ்சை அளக்கக்கூட அளவுகோல் இருக்காமே, நிஜமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பால் ஃப்ரிக் உருவாக்கிய வினாத்தாள். 24 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 72. பிள்ளை அதிக மார்க் வாங்கினால் பெற்றோர் கவலைப்பட வேண்டிய பரீட்சை!

கல்நெஞ்சக்காரன் உண்மையாகவா டிக் அடிப்பான்?
- வாசகி, விக்கிரமசிங்கபுரம்

அதனால்தான் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனித் தாள். கல்லூரிக்குப் போய்விட்டால் பெரும்பாலும் அவனுக்கு அவனே சாட்சி. சிக்கல் அங்கேதான்.

பாபநாசம் படித்துறையில் மூன்று முழுக்குப் போட்டால் அந்த மார்க் குறையுமா?
- வாசகர், பாபநாசம்

செய்த பாவம் உறுத்துகிறவர்தானே முழுக்குப் போட வருவார்? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில் இந்தக் குணத்துக்கு நான்கு அடையாளங்கள். அவற்றில் ஒன்று, குற்ற உணர்வே இல்லாமை. உறுத்தாதவனுக்குத் தாமிரபரணியும் வெறும் தண்ணீர்.

ஆனால் ஒன்று. நண்பனுக்கு அடிபட்டால் அழுகிற பையன், அடுத்த தெருப் பையன் மீது அரிவாளை ஓங்கினால்? இந்தத் தாளில் அவன் குறைந்த மார்க்கோடு தப்பிவிடலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனையும் தங்கையையும் வெட்டியவர்கள் சிறுவர்கள். அது கல்நெஞ்சு மட்டுமல்ல, சாதி சொல்லிக் கொடுத்த பாடம். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிக்குச் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்கச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பெற்றோரே, அந்தக் கயிற்றை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள்.