வைட்டமினும் ஜிகர்தண்டாவும்

சர்க்கரை நோய்க்காரர் தினமும் வைட்டமின் ஈ மாத்திரை போட்டுக்கொண்டு, மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கலாமா?
(மேலூர் வாசகர்)

முன்னது தண்டம், பின்னது தண்டனை!

கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் கனடாவிலிருந்து நடத்திய ‘ஹோப்’ ஆய்வில் 9,541 பேர். அதில் 3,500க்கும் மேல் சர்க்கரை நோயாளிகள். பாதிப் பேருக்குத் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. சுமார் நாலரை வருஷம் விழுங்கினார்கள். 2000இல் முடிவு வந்தது: மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. அதே ஆய்வில், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ராமிப்ரில் ஜெயித்துவிட்டது. 2005இல் வெளியான நீட்சி ஆய்வில், வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு இதயச் செயலிழப்பு கொஞ்சம் கூடுதல்.

‘ஹோப்’ என்றால் நம்பிக்கையாம்!

அப்போ நெல்லிக்காய்?
(திருமங்கலம் வாசகி)

அதியமான் கொடுத்தார், ஔவை சாப்பிட்டார். ஔவைக்குச் சர்க்கரை இருந்ததாகக் குறிப்பில்லை. வைட்டமின் சி உண்டு, காயாகக் கடிக்கலாம். தேன்நெல்லி என்றால் ஜிகர்தண்டாவுக்குச் சொன்ன பதில்தான்.

ரத்தக்குழாய் கெட்டிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?
(உசிலம்பட்டி வாசகர்)

கண்ணால்தான்! உடம்பைக் கீறாமல் ரத்தக்குழாயை நேரே பார்க்கக் கிடைக்கும் ஜன்னல், விழித்திரை. டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் விழித்திரைப் படங்களும் சேர்ந்துதான், சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கூகுள் கணினிக்குக் கற்றுக்கொடுத்தன. 2016இல் அது பாஸ். உசிலம்பட்டியார் மதுரைக்கு பஸ் ஏறினால் போதும். சர்க்கரை இருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவை.