டிரோல் வீட்டுக்காரம்மா

ஆஸ்திரியாவின் டிரோல் மலைகளுக்குக் குடும்பத்தோடு பனிச்சறுக்கப் போகிறவர்கள் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். லிஃப்ட் கட்டணம், பனியின் ஆழம், குழந்தைகளுக்கு வாடகைக்கு ஹெல்மெட் கிடைக்குமா என்பது வரை. வீட்டுக்காரம்மாவைப் பற்றி மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. இந்த ஒரு வாரம் யாருடைய ஆட்சியில் இருக்கப்போகிறோம் என்பது வாசலில் கார் நின்ற பிறகுதான் தெரியும்.

மரப் பால்கனி வைத்த வீடு. கீழே அவள் குடும்பம், மேலே விருந்தாளிகள். கைகுலுக்கும்போது அவள் பார்வை உங்கள் முகத்தில் இருக்காது, காலில் இருக்கும். "வாங்க, வாங்க, ஷூவை அங்கேயே கழட்டுங்க" என்பதை ஒரே மூச்சில் சொல்வாள். அடுத்து, தங்குகிறவர்கள் எல்லாரும் சட்டப்படி நிரப்ப வேண்டிய பதிவுப் படிவம். அரசாங்கம் அதைப் படிக்கிறதோ இல்லையோ, அவள் படித்துவிடுவாள். உங்கள் பெண்ணின் பிறந்தநாள் புதன்கிழமை என்பதை நீங்களே மறந்திருந்தாலும், புதன்கிழமை காலை கேக் மேஜைக்கு வந்துவிடும்.

ஆயிரம் மீட்டருக்கு மேலே மரியாதைப் பன்மை செல்லாது என்பது அந்த மலைகளின் எழுதாத சட்டம். மியூனிக்கில் 'ஹெர் டாக்டர்' என்று அழைத்தே பழகிப்போன மனிதரை, 1,304 மீட்டரில் இருக்கும் சாங்க்ட் அன்டோனில் "உருளைக்கிழங்கை ஏன் மிச்சம் வைச்சே?" என்று கேட்பாள். டாக்டரும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டு முடிப்பார்.

இந்த அதிகாரம் நேற்று முளைத்ததல்ல. 1386இல் ஹைன்ரிஷ் ஃபிண்டல்கிண்ட் என்ற, பெற்றோர் யாரென்றே தெரியாமல் வளர்ந்த ஒரு மேய்ப்பர், ஆர்ல்பெர்க் கணவாயில் பனியில் சிக்கிச் செத்துக்கொண்டிருந்த வழிப்போக்கர்களுக்காக சாங்க்ட் கிறிஸ்டோஃபில் ஒரு சத்திரம் கட்டினார். அந்தச் சத்திரத்தில்தான் 1901இல் ஆர்ல்பெர்க் ஸ்கீ கிளப் பிறந்தது. 1921இல் ஹானஸ் ஷ்னைடர் சாங்க்ட் அன்டோனில் பனிச்சறுக்குப் பள்ளியும் தொடங்கிவிட்டார். அதற்கப்புறம் ஜனங்கள் பனியில் மாட்டிக்கொள்வதற்குக் காசு கொடுத்து வர ஆரம்பித்தார்கள். காப்பாற்றும் வேலை மட்டும் உள்ளூர்க்காரர்களிடமே நின்றுவிட்டது.

காலைச் சாப்பாட்டு அறையில் அவளுடைய உளவுத்துறை முழு வேகத்தில் இயங்கும். மலைமேல் ஒரு தட்டு சூப் விற்கிற விலை அப்படி. அதனால் குடும்பத் தலைவர்கள் இரண்டு ரொட்டிக்குள் பாலாடைக்கட்டியை வைத்து, துணி நாப்கினில் சுற்றி, ஜாக்கெட்டுக்குள் தள்ளுவது உலக வழக்கம். அவள் காப்பி ஊற்றிக்கொண்டிருப்பாள். எதையும் பார்த்த மாதிரி இருக்காது. மறுநாள் அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய நான்கு ரொட்டிப் பொட்டலங்கள், ஆளுக்கொரு ஆப்பிள். "நாப்கினைத் திருப்பிக் குடுத்துடு" என்பது மட்டும்தான் அவள் பேசுவது. இதைவிட நேரடியாகத் திட்டியிருக்கலாம் என்று மனுஷனுக்குத் தோன்றும்.

மியூனிக்கில் வேலை பார்க்கும் நம்மவர்கள் போய் "நாங்கள் சைவம்" என்று அறிவித்தால் அவள் மனதார இரக்கப்படுவாள். உடல்நிலை அப்படியென்று நினைத்துக்கொள்வாள். முதல் நாள் பாலாடைக்கட்டி உருண்டை போட்ட சூப் வரும். உருண்டையில் மாமிசம் இல்லைதான். ஆனால் மிதப்பது மாட்டெலும்புச் சாற்றில். விளக்கம் சொன்னால் "அது வெறும் தண்ணிதானே" என்பாள். இரண்டாம் நாளிலிருந்து, வெங்காயத்தை முறுகலாக வறுத்துத் தூவிய கேஸ்ஷ்பெட்ஸ்லே என்ற பாலாடைக்கட்டி நூடுல்ஸ் அண்டா அண்டாவாக வரும். மூன்றாம் தடவை பரிமாறும்போதும் "ஒண்ணுமே சாப்பிடலையே" என்று குறைப்படுவாள். பிறகு கைசர்ஷ்மாரன்: பிய்த்துப்போட்ட தடித்த இனிப்புப் பணியாரம், மேலே சர்க்கரைத் தூள், பக்கத்தில் பிளம்ஸ் கூட்டு. பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃபின் பேரோடு கதை கட்டி விற்கிறார்கள். பேரரசரே வந்திருந்தாலும் அவள் தட்டைக் காலி செய்ய வைத்திருப்பாள்.

வீட்டுக்காரருக்கு வசனம் குறைவு. கோடையில் மாடு, குளிர்காலத்தில் லிஃப்ட்டில் வேலை. நகரத்து அப்பா முட்டிபோட்டு, செல்பேசியில் வீடியோ ஓடவிட்டு, டயருக்குப் பனிச்சங்கிலி மாட்டப் போராடிக்கொண்டிருப்பார். இவர் வருவார், வாயிலிருந்து பைப்பை எடுக்காமலே நாலு இழுப்பில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். அன்று முழுவதும் அப்பா பிள்ளைகளின் கண்ணைப் பார்க்கமாட்டார். பிள்ளைகளோ 'பிட்சா' என்றால் கட்டையின் முன்நுனிகளைச் சேர்த்து நிற்பது, 'ஃப்ரைஸ்' என்றால் நேராக விடுவது என்று மதியத்துக்குள் கற்றுக்கொண்டு இறங்கிப் போயிருக்கும். அப்பா ஸ்கீ பூட்ஸோடு நிலவறைப் படியில் இறங்குவதே பொய்க்கால் குதிரை ஆட்டம். சரிவில் அவர் நிகழ்த்தியதை இங்கே விவரிப்பது நாகரிகமில்லை.

சாயந்திரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு மருந்து தயாராக இருக்கும்: மலைப் பைன் காய்களை ஊறவைத்த ஷ்னாப்ஸ். ஜலதோஷத்துக்கும் அதுதான், மனவருத்தத்துக்கும் அதுதான், சைவத்துக்கும் அதுதான். தலைவலி என்றால் தெற்கிலிருந்து வரும் 'ஃபோன்' என்ற வெப்பமான மலைக்காற்றின்மேல் பழி போடுவாள். முந்தின ராத்திரி அவளே ஊற்றிய மூன்று கிளாஸைப் பற்றிப் பேச்சே இருக்காது.

ஒரே ஒரு விஷயத்தில் அவளிடம் வேடிக்கை கிடையாது. பனிச்சரிவு அபாயத்துக்கு அங்கே ஐந்து படிகள். நாலாம் படி என்று அறிவித்த காலையில், குறித்த தடத்தை விட்டு இறங்கிப் பார்க்கலாமா என்று எந்த வீரராவது வாய்விட்டால், காப்பிக் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்துகொள்வாள். அவர் "இல்லை, போகவில்லை" என்று மனைவி முன்னால் சொல்லும்வரை எழுந்திருக்கமாட்டாள். அந்தப் பள்ளத்தாக்குகளில் பனிக்குப் பலிகொடுக்காத ஊர் அபூர்வம்.

ஆண்டு தவறாமல் வருகிறவர்களுக்கு ஊர்ச் சுற்றுலாச் சங்கம் சான்றிதழும் சட்டையில் குத்திக்கொள்ள ஊசியும் கொடுக்கும் வழக்கம் உண்டு. பல பத்தாண்டுகளாக வந்து ஊசி வாங்கியவர்கள் அவள் வீட்டில் இருப்பதால், ஏழாவது வருடமாக வரும் குடும்பத்தையும் "இவங்க புதுசு" என்றுதான் மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்துவாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அறை காலியாக வேண்டும்; வாளியும் துடைப்பமும் மாடிப்படியில் வந்து நின்றுவிடும். கணக்கு சமையலறை மேஜையில் நடக்கும். சுற்றுலா வரியில் ஒரு சென்ட் விடமாட்டாள். கேக், ரொட்டிப் பொட்டலம், ஷ்னாப்ஸ் எதுவும் பில்லில் இருக்காது. கேட்டால் கோபம் வரும். அடுத்த வருஷம் கடற்கரைப் பக்கம் போகலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முந்தின இரவுதான் பேசி முடிவு செய்திருப்பார்கள். அதைச் சொல்ல அவர் தொண்டையைச் செருமுவார். அதற்குள் அவள் நீள நோட்டைத் திறந்து, பிப்ரவரிப் பக்கத்தில் அவர் பேரை எழுதி முடித்திருப்பாள். பேனாவால்.