ஒரு ஏக்கருக்கும் ஓர் உயில்

நான் மணிமுத்தாற்றில் வளர்ந்த காலத்தில், பத்திரம் எழுதுவதெல்லாம் ஜமீன் வீட்டுச் சமாச்சாரம். மேலே மாஞ்சோலைக் காட்டை 1929-இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தது சிங்கம்பட்டி ஜமீன். கையெழுத்துப் போட்டவர்கள் எவரும் 2028-ஐப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் அதுவரைக்கும் எழுதி வைத்தார்கள். கீழே, பெருங்கால் வாய்க்கால் தண்ணீரில் ஒரு ஏக்கர் நெல் போட்டவர்கள் எதையும் எழுதவில்லை. "எம் புள்ளைக அடிச்சுக்கிடவா போவுது?" என்பார்கள். அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே தெரு. பெரியவர்கள் ரெண்டு பேர் வரப்பில் நின்று கைகாட்டினால் பாகம் பிரிந்துவிடும். பெண்பிள்ளைக்கா? சீர் செய்தாச்சு என்று முடித்துவிடுவார்கள். அவளை யாரும் கேட்டதில்லை. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன்.

தமிழ்நாடு 1989-இல் இந்து வாரிசுச் சட்டத்தைத் திருத்தியது, 2005-இல் நாடு முழுக்கத் திருத்தம் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளும் மகனுக்குச் சமம். நியாயமான மாற்றம். ஆனால் பிள்ளைகள் இன்று சென்னை, பெங்களூரு, துபாய் என்று இருக்கிறார்கள். வரப்பில் கைகாட்ட யாரும் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி, சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வயலையும் வீட்டையும் விட்டுக் காலமானார். உயில் இல்லை. எல்லாம் தனக்குத்தான் என்று அவர் மனைவி, எங்கள் மதினி, நினைத்தார். ஆனால் இந்து வாரிசுச் சட்டப்படி மனைவி, மகன், மகள்கள் இரண்டு பேர், இவர்களோடு அண்ணாச்சியின் தாயாரும் வாரிசு. ஆக ஐந்து சம பங்கு. அடுத்து அந்தத் தாயாரும் போய்ச் சேர்ந்தார். அவர் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போனது. ஒரு வயலை விற்க இப்போது கொழுந்தன், நாத்தனார் எல்லார் கையெழுத்தும் வேண்டும். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவருக்கு லீவு கிடைக்காது, இன்னொருவருக்குப் பழைய மனத்தாங்கல். மதினியின் வைத்தியச் செலவு காத்திருக்கிறது.

உயில் எதற்கு, பேங்கில் நாமினி போட்டிருக்கிறேனே என்பார்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அதனாலேயே அது அவருக்குச் சொந்தமாகிவிடாது, வாரிசுகள் பங்கு கேட்கலாம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையெழுத்திட, அதைக் கண்ட இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதிருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள், பிற்பாடு வாய்ச்சண்டை குறையும். மனம் மாறினால் எத்தனை முறையும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே நிற்கும். உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்ற பேச்சு இன்னும் ஊரில் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது எழுதாமல் போனவர் அல்ல, அவர் வீட்டுப் பெண்.

அதனால் உயில் பற்றி என்னிடம் கேட்கிறவர்களை, பங்குக் கணக்குக்கு முன்னால் ஒரு வரி எழுதச் சொல்கிறேன்: என் மனைவி உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டில் இருக்க உரிமை உண்டு, அதுவரை யாரும் இதை விற்கக் கூடாது.