மிட்டாய்க்கடை

சாத்தூர்ப் பக்கத்தில் நாங்கள் வளர்ந்த காலத்தில் மிட்டாய் பெரியவர்களின் தீனி. தீப்பெட்டி ஆபீசில் சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் அப்பா நேரே மிட்டாய்க்கடைக்குத்தான் போவார். "கால் கிலோ மிட்டாய், கால் கிலோ சேவு" என்பார். வேறு விளக்கம் வேண்டியதில்லை. மிட்டாய் என்றால் கருப்பட்டி மிட்டாய்தான்.

அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து ஆட்டி, ஓட்டை போட்ட துணியில் அள்ளி, காயும் எண்ணெயில் சுற்றிச் சுற்றிப் பிழிவார்கள். வெந்ததும் சுக்கும் ஏலமும் தட்டிப்போட்ட கருப்பட்டிப் பாகில் முக்கி எடுப்பார்கள். கடித்தால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே பாகு. சீனிப்பாகில் முக்கினால் அது சீனி மிட்டாய். வீட்டில் முதல் பங்கு அப்பத்தாவுக்கு. அடுத்து ஒரு வாய் சேவு, திரும்ப ஒரு வாய் மிட்டாய் என்று மாறி மாறித் தின்பதில்தான் ருசி.

மிட்டாய் வடக்கிலிருந்து வந்த சொல். இந்தியில் மீட்டா என்றால் இனிப்பான. மிட்டாயீ என்றால் லட்டு, பேடா, பர்பி எல்லாமே அடக்கம். அதற்கும் பின்னால் சமஸ்கிருதத்து 'மிஷ்ட' இருக்கிறது. திருநெல்வேலியில் அல்வா கிண்டிய வடநாட்டுக்காரர்களின் கடைகளை லாலா மிட்டாய்க்கடை என்றே சொன்னார்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இந்தச் சொல் சுருங்கி, தேன் மிட்டாய், ஜவ்வு மிட்டாய், குச்சி மிட்டாய் என்று பள்ளிக்கூட வாசலுக்குப் போய்விட்டது. எங்கள் கரிசல் காட்டில்தான் அதன் பழைய அகலம் நெடுநாள் நிலைத்தது. எண்ணெயில் வெந்து பாகில் ஊறியதும் மிட்டாய், வெல்லப்பாகில் கடலையைப் போட்டு இறுக்கியதும் மிட்டாய். அந்த அகலத்தின்மேல் எனக்குத் தனிப் பாசம்.

இன்று அந்த மிட்டாய்க்கடை வீதியில் பலகைகள் 'ஸ்வீட்ஸ்' என்கின்றன. பிறந்தநாளுக்கு வகுப்பில் ஆரஞ்சு மிட்டாய் நீட்டிய கைகள் இப்போது சாக்லெட் நீட்டுகின்றன. மிட்டாய் என்ற சொல் செய்தியில் வருவதே அபூர்வம். 2020இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது வந்தது, மனம் நிறைந்தது. 2024 பிப்ரவரியில், துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததால் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாடு தடை போட்டபோதும் வந்தது. தடை சரியானதே. குழந்தைகள் வயிற்றுக்குப் போகிற பண்டத்தில் சாயத்துக்கு என்ன வேலை?

எனக்குள்ள கவலை கருப்பட்டியைப் பற்றியது. பனையேறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், பதநீர் காய்ச்சும்போதே சீனியைக் கலந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மகனின் வீட்டுக்கு மிட்டாய் வாங்கிப் போகும்போது, எந்த ஊர்க் கருப்பட்டி என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டே வாங்குகிறேன். முகம் சுளிக்காமல் சொல்கிறவரிடம் அரைக்கிலோ கூடுதலாக.