கராடியின் சனிக்கிழமைத் தச்சர்

சனிக்கிழமைத் தச்சர் வாரத்தில் ஐந்து நாள் கணினி முன்னாலும் இரண்டு நாள் பால்கனியிலும் காணப்படுபவர். புனேயின் கிழக்குக் கோடியில், நகர் ரோட்டுக்கும் முளா-முட்டா ஆற்றுக்கும் இடைப்பட்ட கராடியில் இவ்வினம் அடர்த்தியாக வளர்கிறது. இயான் ஐடி பார்க்கும் உலக வர்த்தக மையமும் இவருக்குச் சம்பளம் தருகின்றன. சுற்றிலும் எழும்பிய அடுக்குமாடிகள் ஒரு பால்கனி தருகின்றன. வீட்டில் ஏதோ ஒன்று கோணலாக இருக்கிறது என்ற உறுத்தலை மட்டும் அவரே ஊரிலிருந்து கொண்டுவருகிறார். பெரும்பாலும் நாற்பதை ஒட்டிய ஆண். பெண்களும் இதில் இறங்குவதுண்டு. எடுத்த வேலையை முடித்துவிடுவதால் அவர்கள் இந்தச் சித்திரத்துக்குள் வரமாட்டார்கள்.

இவருடைய தாத்தா வீட்டில் கதவு இறங்கினால் ஆசாரிக்கு ஆள் போகும். ஆசாரி வந்து உளி, கொட்டாப்புளி, இழைப்புளி எல்லாம் அடங்கிய சாக்குப்பையைத் திண்ணையில் இறக்குவார். பொழுது சாயுமுன் கதவு சாத்தும். வீட்டார் எவரும் உளியைத் தொட்டதில்லை. தொடுவது தங்களுக்கு அடுக்காது என்றும் நினைத்தார்கள். பேரன் அதே உளியை ஆறு உருப்படி கொண்ட செட்டாக, தோல் உறையோடு வாங்கி, வரவேற்பறையில் விருந்தாளிக்குக் காட்டுகிறார். நெல் அளந்து கூலி கொடுத்த காலத்தில் திண்ணையைத் தாண்டி உள்ளே வராத வேலை, கூலி போனதும் கூடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

பழக்கம் ஒரே ஒரு துளையில் தொடங்குகிறது. சுவர்க்கடிகாரம் மாட்ட வேண்டும். சந்தன் நகரிலிருந்து வரும் மிஸ்திரி முந்நூறு ரூபாய் கேட்கிறார். ஒரு துளைக்கு முந்நூறா என்று கொதித்தவர், அன்றிரவே நாலாயிரம் ரூபாய்க்கு டிரில் மிஷின் வரவழைக்கிறார். துப்பாக்கிபோலப் பிடித்து விசையை அழுத்தும் அந்த வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் 1917-ல் காப்புரிமை பெற்றது. முதலில் பட்டறைக்காரர்களுக்கான கருவியாக இருந்ததை 1946-ல் அந்த நிறுவனம் வீட்டுக்காரர்களுக்கென்று மலிவாகச் செய்து விற்க ஆரம்பித்தது. சுவர்களுக்குக் கெட்ட காலமும் அப்போதே ஆரம்பித்தது. கராடித் தச்சரின் கணக்கில் இனிப் போடும் ஒவ்வொரு துளையும் முந்நூறு ரூபாய் வரவு. பதினாலு துளை போட்டால் மிஷின் சும்மா கிடைத்த மாதிரி. ஆகவே துளை தேவைப்படும் இடங்களை வீடெங்கும் தேடத் தொடங்குகிறார்.

சுவர் இணங்க வேண்டுமே. கராடியின் புதிய கட்டடங்கள் பலவற்றில் செங்கல்லே கிடையாது. அலுமினிய அச்சுகளைப் பூட்டி, சுவரையும் தளத்தையும் ஒருசேரக் கான்கிரீட்டாக வார்த்துவிடுகிறார்கள். கட்டடக்காரர்கள் இதை மைவான் என்பார்கள். அந்தச் சுவரில் சாதாரண இம்பாக்ட் டிரில் மிஷின் கால் அங்குலம் இறங்கி, கருங்கல் ஜல்லியில் முட்டி, புகையோடு நின்றுவிடும். மிஷின் உள்ளே இருப்பவை பல் வைத்த இரண்டு வட்டுகள். ஒன்றன்மேல் ஒன்று உரசிக் குதிப்பதுதான் அதன் அடி. ரோட்டரி ஹாமரிலோ ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்றின் அழுத்தத்தால் சம்மட்டிபோல் அடிக்கிறது. இந்த வேறுபாட்டைத் தச்சர் விருந்தாளிகளுக்கு முக்கால் மணி நேரம் விளக்குவார். விளக்கம் முடியும்போது ரோட்டரி ஹாமரும் வந்திருக்கும். சேமிப்புக் கணக்கில் பதினாலு துளை முப்பதாகியிருக்கும். இலேசான ஏஏசி கற்களால் கட்டிய பக்கத்துக் கட்டடத்தில் சங்கடம் நேரெதிர். அங்கே துளை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். கடைக்காரர் கிட்டி என்று கொடுக்கும் பிளாஸ்டிக் கட்டை, திருகோடு சேர்ந்து தானும் சுழலும். மாட்டிய அலமாரி ஒரு வாரம் யோசித்துவிட்டு இறங்கிவரும்.

இரண்டாம் கட்டம் கருவி சேர்ப்பது. ரவிவார் பேட்டையின் போஹ்ரி ஆளிக்குப் போனால் ஹார்டுவேர் சாமான்களில் இல்லாதது இல்லை. மங்கள்வார் பேட்டையில் ஞாயிறும் புதனும் கூடும் ஜூனா பஜாரில், அலகு இல்லாத வார்ப்பிரும்பு இழைப்புளி ஒன்று எப்போதும் இவருக்காகக் காத்திருக்கும். துருவைச் சுரண்ட ஒரு மாதம், அலகு தேட இரண்டு மாதம், தீட்டுக்கல் பற்றிய ஆராய்ச்சிக்கு ஒரு பருவம். தீட்டிய அலகால் கை முடியைச் சிரைத்துக் காட்டுவது தேர்ச்சியின் அடையாளம். கையில் முடி இல்லாத தச்சரைக் கண்டால் மரம் ஏதும் இழைக்கப்படவில்லை என்று ஊகிக்கலாம். இவர் செய்யும் முதல் சாமான் கருவி வைக்கும் அலமாரி. இரண்டாவது, அந்த அலமாரியைச் செய்வதற்கு முன்னால் இருந்திருக்க வேண்டிய மேசை.

மரம் கடைசியில்தான் வருகிறது. பவானி பேட்டை டிம்பர் மார்க்கெட்டில் பிளைவுட் எட்டடிக்கு நாலடிப் பலகையாகக் கிடைக்கும். 18 மில்லிமீட்டர் தடிமன், தண்ணீர் தாங்க வேண்டுமானால் ஐஎஸ் 710 முத்திரை. இதெல்லாம் தச்சருக்கு மனப்பாடம். எட்டடிப் பலகை குடியிருப்பின் லிஃப்டில் நிமிர்ந்து நிற்காது என்பது மட்டும் வாசலில் டெம்போ வந்து நின்ற பிறகே தெரியவரும். பதினோராம் மாடிவரை படியேறிய அனுபவத்துக்குப் பின் அவர் பேலட்டுக்கு மாறுகிறார். நகர் ரோட்டிலேயே மேலும் கிழக்கே போனால் ரஞ்சன்காவ் தொழிற்பேட்டை. இயந்திரங்களைச் சுமந்து வந்த பைன் மரச் சட்டங்களான பேலட்டுகள் அந்த வழியில் பழைய சாமானாக விலைக்குக் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த சட்டத்தில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். பக்கத்தில் எச்டி என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரியில் முப்பது நிமிடம் சூடாக்கிப் பூச்சிகளைக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். எம்பி என்றால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை, அதை வீட்டுக்குள் விடக்கூடாது. இந்தத் தகவல் பயனுள்ளது. ஆணிகளைப் பிடுங்கி முடிக்கும்போது பலகை மிச்சமிருந்தால் இன்னும் பயனுள்ளதாக இருக்கும்.

வெட்டும்போது இவரைக் கவிழ்ப்பது ரம்பத்தின் தடிமன். ஒவ்வொரு வெட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கிவிடும். ஆசாரி அதைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று கண்ணாலேயே கழித்துக்கொள்வார். மென்பொருள்காரர் பலகையின் நீளத்தை எக்செல்லில் நாலால் வகுத்து, விடையை அப்படியே மரத்தில் குறிப்பார். நான்கு தட்டுகளில் கடைசித் தட்டு எப்போதும் குட்டை. மரத்தூளை ஃபெவிக்காலில் குழைத்து இடைவெளியை அடைப்பது மரபு. பழைய ஆசாரிகளும் செய்ததுதான் என்றாலும், அவர்கள் அடைத்தது நூலளவு; இவர் அடைப்பதில் ஒரு பல்லி குடியிருக்கலாம்.

வேலை நேரம் குடியிருப்புச் சங்கத்தின் சட்டத்துக்கு உட்பட்டது. மதியம் 1 முதல் 4 வரை கடையைச் சாத்தி உறங்குவது பழைய புனேக்காரர்களின் புகழ்பெற்ற உரிமை. கராடியில் குடியேறிய ஓய்வுபெற்ற தம்பதியர் அதைக் கூடவே கொண்டுவந்திருக்கிறார்கள். அந்நேரத்தில் மிஷின் உறுமினால் மறுநாள் லிஃப்டில் புனேரிப் பாட்டி ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். பாட்டி என்றால் அறிவிப்புப் பலகை. திட்டாமல் குத்துவது அதன் இலக்கணம். சுவர் உங்களுடையது, சத்தமும் உங்களோடே இருக்கட்டும் என்ற ரீதியில் எழுதுவார்கள்.

ஜூனில் மழை பிடித்ததும் மரம் தன் வேலையைத் தொடங்குகிறது. மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து ரேகைக்குக் குறுக்கே விரியும். நீளவாட்டில் அனேகமாக மாறாது. ஏப்ரல் வெயிலில் அளவெடுத்துச் செய்த இழுப்பறை ஜூலையில் திறக்காது. தச்சர் இழைக்கிறார்; செப்டம்பர் வரை மறுபடி மறுபடி இழைக்கிறார். ஜனவரியில் அதே இழுப்பறை, தொட்டாலே ஓடிவந்து காலில் விழும்.

வீட்டார் கருத்து இரண்டு வகை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, “ஒரு ஆசாரியைக் கூப்பிட்டா சாயங்காலத்துக்குள்ள முடிச்சுட்டுப் போயிருப்பாரேப்பா” என்பார். மனைவி ஒன்றும் சொல்வதில்லை. செருப்பு வைக்கும் ஸ்டாண்டுக்காகச் செருப்புகள் போன தீபாவளியிலிருந்து அட்டைப்பெட்டியில் காத்திருப்பதே போதும் என்று விட்டுவிட்டார்.

தன் கையால் செய்த பொருளுக்கு மனிதர்கள் மிகை மதிப்பு கொடுப்பதை மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சோன், டேன் ஏரியலி ஆகிய மூவர் ஆராய்ந்து, 2012-ல் வெளியான கட்டுரையில் ஐக்கியா விளைவு என்று பெயரிட்டார்கள். கத்துக்குட்டிகள் மடித்த காகிதக் கொக்குகளை அவர்களே நிபுணர் மடித்தவற்றுக்கு நிகராக மதித்தார்களாம். ஆனால் வேலையை முடித்தால்தான் அந்தப் பிரியம் வரும், பாதியில் விட்டால் வராது என்பதும் அவர்களுடைய முடிவு. கராடியில் ஆராய்ந்திருந்தால் இரண்டாவது முடிவை எழுதியிருக்க மாட்டார்கள். இங்கே பாதியில் நிற்கும் ஸ்டாண்டுக்கு இருக்கும் செல்லம், முடிந்த எதற்கும் இல்லை. முடிந்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை மாலுக்குப் போக வேண்டிவரும்.

கடைசியில் முடித்து வைப்பவர் அதே மிஸ்திரிதான். ராஜஸ்தான்காரர், அரை மணி நேரம் பேசாமல் பார்ப்பார். தச்சரின் ரசமட்டத்தை எடுத்து வைத்து, குமிழி ஓரத்துக்கு ஓடுவதைப் பார்த்து, குற்றம் ரசமட்டத்தின் மேல் என்பதுபோல் அதைத் தட்டிப்பார்ப்பார். இது மிஸ்திரிகளின் நாகரிகம். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, தச்சரின் விலையுயர்ந்த கருவிகளாலேயே மாலைக்குள் மறுபடி பூட்டுவார். கூலி ஆயிரத்தைந்நூறு. “பேஸ் நாம போட்டதுதான்” என்று தச்சர் விருந்தாளிகளிடம் சொல்வார்.

இவ்வினத்தில் பலர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து வேறு கட்டடத்துக்கு மாறும் நாளில் சாமான் ஏற்றுபவர்கள் வந்து பார்ப்பார்கள். ஃபெவிக்காலால் ஒட்டிய ஸ்டாண்டைப் பிரிக்க வழியில்லை. அறைக்குள்ளேயே பூட்டியதால் வாசல் வழியே போகவும் வழியில்லை. சுவர்த் துளைகளுக்காக வீட்டுச் சொந்தக்காரர் அட்வான்ஸில் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார். ஸ்டாண்டை அப்படியே நிற்க விட்டு, அடுத்த விளம்பரத்தில் வீட்டை செமி-ஃபர்னிஷ்டு என்று போட்டு, வாடகையை இரண்டாயிரம் ஏற்றுவார்.