ஆளுக்கு ஒரு வாளி

நியூ ஜெர்சி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி தேவலையா? பேத்தி பள்ளிக்கூடத்தில் என்ன நாடகம் நடிக்கிறாள் என்று போனில் மூன்று தரம் கேட்டீர்கள். மூன்று தரமும் லைன் சரியில்லை என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நாடகத்தின் பேர் 'யூரின்டவுன்'. மூத்திரப் பட்டணம்! ஸ்பீக்கரில் சித்தியும் கேட்டுக்கொண்டிருக்கையில் எப்படிச் சொல்வேன்? நாடகத்திலேயே ஒரு சின்னப் பெண், மோசமான பேர் வைத்தால் ஆட்டம் படுத்துவிடாதா என்று போலீஸ்காரனிடம் கேட்கிறாள்.

படுக்கவில்லை. 2001 செப்டம்பரில் பிராட்வேக்கு வந்து, அடுத்த வருஷம் மூன்று டோனி விருது வாங்கிவிட்டது. கதை எழுதிய கிரெக் கோட்டிஸ் கையில் காசில்லாமல் பாரிஸில் சுற்றியபோது, கழிப்பிடத்துக்குக் காசு கேட்டிருக்கிறார்கள். அந்த அவஸ்தையில் பிறந்த கதை. நம் பஸ் ஸ்டாண்டுகளில் சில்லறை தேடித் தவித்தவர்கள் எத்தனை பேர்! ஒருத்தருக்கும் பாட்டு வரவில்லை பாருங்கள்.

கதை நடப்பது இருபது வருஷமாய் மழையே இல்லாத ஊரில். வீட்டில் கக்கூஸ் கூடாது. கம்பெனிக்காரன் கழிப்பிடத்தில் காசு கட்டித்தான் போகவேண்டும். மரத்தடியில் ஒதுங்கினால் போலீஸ் 'மூத்திரப் பட்டண'த்துக்கு அனுப்பிவிடும். போனவர் திரும்புவதில்லை.

உங்கள் பேத்திக்குக் கியூவில் நிற்கும் ஏழை வேஷம். காலைப் பின்னிக்கொண்டு நெளியவேண்டும். ஒரு மாசமாக வீட்டில் அதே ஒத்திகை. டாக்டரிடம் காட்டலாமா என்றுகூட உங்கள் மருமகள் கேட்டாள்.

கலகம் செய்த கதாநாயகனை மாடியிலிருந்து தள்ளிக் கொன்றுவிடுகிறார்கள். அவனைக் காதலித்த முதலாளி மகள், அப்பனையே ஒழித்துக்கட்டிக் கழிப்பிடங்களை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடுகிறாள். நம் சினிமாவென்றால் அங்கேயே வணக்கம் போட்டிருப்பார்கள். இவர்கள் இன்னும் கொஞ்சம் ஓட்டுகிறார்கள். விஷமமே அதில்தான். ஆளாளுக்கு இஷ்டம்போலச் செலவழித்துத் தண்ணீர் தீர்ந்து, ஊரே செத்துப்போகிறது. முதலாளி கொள்ளைக்காரன்தான், ஆனால் தண்ணீர்க் கணக்கு மட்டும் அவனிடம் சரியாக இருந்திருக்கிறது. ஜனம் பெருகினால் சோறு பற்றாது என்று 1798இல் எழுதினாரே மால்தஸ் பாதிரியார், அவருக்கு ஒரு ஜே போட்டுத் திரையை இறக்குகிறார்கள்.

நாடகத்தன்று பக்கத்து சீட்டு வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். முடிந்ததும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டபடியே நாடகத்தை எனக்குப் புகழ்ந்தார். இரண்டு குடமாவது போயிருக்கும்.

எனக்கு உங்கள் ஞாபகம்தான். 2019 ஜூலையில் நாங்கள் வந்திருந்தோமே, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வந்ததே, அந்த மாசம். குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வாளி என்று எண்ணி விட்டீர்கள். பக்கெட் தாத்தா என்று உங்கள் பேத்தி பேர் வைத்தாள். நானும் உள்ளுக்குள் திட்டினேன், மன்னியுங்கள்.

நாடகம் முடிந்து திரும்பும்போது காரில் கேட்டாள்: "அப்பா, அப்ப பக்கெட் தாத்தாதான் வில்லனா?"

"தாத்தா காசு வாங்கலையே" என்றேன்.

ஜூலையில் வருகிறோம். இவள் இப்போது முடி நீளமாக வளர்த்திருக்கிறாள். தலைக்குக் குளிக்கிற அன்றைக்கு மட்டும் இரண்டு வாளியாகக் கொடுங்கள்.